மகஜர் காக்கா எழும்பாத சஹன்

ஹிபா, சஜாத், இதை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பத்திரிகைக்காரர் கேட்டு எழுதினாலும், உங்களை முன்னால் இருத்தி வைத்துக் கதை சொல்வதுபோல நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். வாசிக்கும்போது எழுத்துப்பிழை தேடாதீர்கள். உங்கள் வாப்பா சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் கம்பி வளைக்கப் போனவன்.

போன மாதம் ஒரு ஜனாஸா அடக்கத்துக்குப் போய்வந்து நான் முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து, அந்த ஸ்பீக்கர் ஆட்டோக்காரர் நமக்குச் சொந்தமா என்று கேட்டீர்கள். சொந்தமில்லை என்றேன். அப்படியென்றால் ஏன் இவ்வளவு கவலை என்றீர்கள். இப்போது சொல்கிறேன்.

தென்னாசியாவின் எட்டு நாடுகளையும் ஒற்றை ஆளாக நின்று ஒன்றாக்கிவிடலாம் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எந்தத் தலைநகரத்திலும் இருக்கவில்லை. சாய்ந்தமருதில், கடற்கரை வீதிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். ஊரே அண்ணன் முறை வைத்து மகஜர் காக்கா என்று கூப்பிட்டது அவரைத்தான்.

மகஜர் என்றால் தெரியும்தானே. ஊருக்கு ஒரு குறை வந்தால் அதை எழுதி, ஆட்களிடம் கையொப்பம் வாங்கி, மேலிடத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு மகஜர் கொடுத்தால் காக்கா வாரத்துக்கு ஒன்று கொடுப்பார். வடிகான் அடைத்தாலும் மகஜர், தெருநாய் பெருகினாலும் மகஜர். அது பரவாயில்லை. ஒவ்வொன்றின் பிரதியையும் எட்டு நாட்டுத் தொழில் அமைச்சர்களுக்கும் தகவலுக்காக என்று போட்டு அனுப்புவார். எங்கள் ஒழுங்கை வடிகானில் தண்ணீர் தேங்கி நின்ற விஷயம் பூட்டான் அமைச்சருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

அவருடைய தொழில் அறிவித்தல். ஒரு பழைய ஆட்டோவின் மேலே இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர் கட்டி, கல்முனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும் போவார். ஆடு காணாமல் போனது, மின்வெட்டு, புடவைக்கடை மலிவு விற்பனை, எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். இடையிடையே தன்னுடைய சரக்கையும் அவிழ்த்துவிடுவார். "கல்முனை பஸார்ல புள்ளைகள்ட உடுப்பு பாதி விலை. அன்பான தாய்மாரே, நேபாளத்துத் தொழிலாளியும் நம்மட சகோதரன்தான். பாதி விலை இண்டைக்கு மட்டும்." இதைக் கேட்டுப் பல தாய்மார் நேபாளத்துத் தொழிலாளிக்குத்தான் பாதி விலை என்று நினைத்துக் கடைக்குப் போகாமல் இருந்ததாகக் கடைக்காரர் என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

ஆட்டோவின் பின்பக்கம் தென்னாசிய வரைபடம் கீறியிருந்தது. கீறிய பெயின்டர் இலங்கையை இந்தியாவை விடப் பெரிதாகக் கீறிவிட்டார். யாராவது சிரித்தால், கிட்ட இருக்கிற சாமான் பெரிதாகத்தான் தெரியும் என்று காக்கா விளக்கம் சொல்வார். மாலைதீவுக்கு இடமில்லாமல் போனதால் சில பொட்டுகளை வைத்து முடித்துவிட்டார் பெயின்டர். மாரி காலத்தில் அதன்மேல் சேறு அடித்து, எது தீவு எது சேறு என்று தெரியாமல் போய்விடும். ஆட்டோ கழுவுகிற பையனிடம் அந்த மூலையில் மட்டும் கைவைக்காதே என்பார். ஒரு நாடே அழிந்துபோகக் கூடாது என்ற பயம்.

எட்டு நாட்டுப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். வாலிபத்தில் சவூதியில் டிரைவராக இருந்தவர். அறைக்குள் அடுக்குக் கட்டில்களில் நேபாளி, வங்காளி, இந்தியன், பாகிஸ்தானி எல்லோரும் இருந்தார்களாம். "எட்டு நாட்டுக்கும் ஒரு கக்கூஸ்தான், மனே. விடியச் சாமம் எல்லாரும் ஒரே வரிசையில நிப்பம். அந்த வரிசைல ஒருத்தனுக்கும் மத்தவன்ட நாடு தெரியா. ஒருங்கிணைப்பு எண்டா அதுதான்."

ஊருக்கு வந்ததும் ஒரு சங்கம் தொடங்கினார். தென்னாசியத் தொழிலாளர் ஒருமைப்பாட்டுச் சங்கம், கல்முனைக் கிளை. தலைவர் அவர். நான் கட்டாரில் வேலை செய்து திரும்பியவன், அங்கே முகாமில் பொறுக்கிய அரைகுறை ஹிந்தி எனக்குத் தெரியும் என்பதால் செயலாளர் ஆக்கிவிட்டார். வேறு உறுப்பினர் யாரும் இல்லை. தலைமையகம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டால், கிளை முதலில் முளைக்கட்டும், மரம் மறுகா வரும் என்பார்.

அவரிடம் ஒரு முரண் இருந்தது. மருதமுனைத் தறிக்காரர்கள் வெளிநாட்டுச் சாரன் கைலி மலிவாக வந்து தங்கள் நெசவை விழுத்துகிறது என்று சொன்னபோது, அதற்கும் மகஜர் எழுதினார். சாரனுக்கு எல்லையை மூடு என்று ஒரு மகஜர். தொழிலாளிக்கு எல்லையைத் திற என்று இன்னொரு மகஜர். இரண்டையும் ஒரே நாளில் ஒரே அலுவலகத்தில் கொடுத்தார். அங்கிருந்த எழுதுவினைஞர் சிரித்துக்கொண்டே, காக்கா, மூடுறதா திறக்கிறதா எண்டு ஒரு முடிவுக்கு வாங்க என்றார். காக்கா யோசிக்கவே இல்லை.

"சாரனுக்கு உம்மா வாப்பா இல்ல, தம்பி. மனிசனுக்கு இரிக்கி."

பொருளாதாரம் படித்தவர்கள் இதை ஏற்பார்களோ தெரியாது. சாரனை நெய்கிறவனுக்கும் உம்மா வாப்பா இருக்கிறார்களே என்று நானும் பிறகு யோசித்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது.

ஒருமுறை மட்டக்களப்பில் ஒரு ஹோட்டலில் இரண்டுநாள் செயலமர்வு நடந்தது. பிராந்திய ஒருங்கிணைப்பில் சிவில் சமூகத்தின் பங்கு என்பது தலைப்பு. எங்கள் சங்கத்துக்கும் அழைப்பு வந்தது. ஏன் வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. காக்கா வெள்ளைச் சேட் போட்டு, தன் ஸ்பீக்கரில் ஒன்றையும் மைக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்றேன். கேள்வி நேரத்தில் நமக்குத் தருகிற மைக்கை நிப்பாட்டிவிடுவார்கள் என்றார். சொன்னபடியே அவருடைய கேள்வி நீண்டுகொண்டே போனபோது மைக்கை நிப்பாட்டினார்கள். காக்கா தன்னுடையதைப் போட்டார். ஹோட்டல் முற்றத்தில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் பெண்ணும்கூடத் தொழிலாளர் நடமாட்டம் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

வகுப்பு நடத்த வளவாளராக வந்த மிஸ் பொறுமையானவர். காக்கா முடிக்கும்வரை நின்றார். வேலைக்குப் போகிறவனின் கடவுச்சீட்டை முதலாளி பூட்டி வைக்கிறானே, அதற்கு என்ன வழி என்பதுதான் காக்காவின் கேள்வியின் சாரம். மிஸ் தெளிவாகப் பதில் சொன்னார். கடவுச்சீட்டு அதில் பெயர் உள்ளவனுக்குரியது, முதலாளி பிடித்து வைப்பது முறையில்லை, எந்த நாட்டுக்காரனுக்கும் இதுதான் நியாயம் என்றார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார். "ஐயா, நியாயம் தானா நடந்து வராது. ஊர்ல உள்ள ஆக்கள்தான் அதக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வரணும்." காக்கா அதைக் கேட்டுத் தலையாட்டியபடியே உட்கார்ந்தார். திரும்பி வரும்போது குழுவேலை எழுதிய பிறிஸ்டல் போட் அட்டைகள் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்து வந்தார். அடுத்த கிழமை அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மறைப்பு அடித்திருந்தது. ஒரு பக்கம் 'சவால்கள்', மறுபக்கம் 'வாய்ப்புகள்'. கோழிகள் வாய்ப்புகள் பக்கமாகத்தான் உள்ளே போகும்.

பிறகுதான் எங்கள் கடற்கரைப் பக்கம் ஒரு மாடிக் கட்டிடம் எழும்பத் தொடங்கியது. வேலையை எடுத்தவர் எங்கள் ஊர் ஹாஜியார் ஒருவர். பெயர் வேண்டாம். கெட்ட மனிதர் இல்லை, ஏழைகளுக்கு ஸதகா கொடுக்கிற கை. ஊர் மேசன்மார் பாதிப்பேர் வளைகுடாவில், மிச்சப்பேருக்குக் கூலி கூட என்று சொல்லி, வங்காளதேசத்திலிருந்து ஆட்களை இறக்கினார். நான் அங்கே கம்பி கட்டினேன். உள்ளூர் மேசன்மாருக்குத் தலை றபீக் மேசன். கட்டாரில் என்னோடு இருந்தவர், கையில் வேலை இருக்கிறது, வாயில் நெருப்பு இருக்கிறது. வந்தவர்கள் கைவைத்த தண்ணீர் பீப்பாவைக்கூடத் தொடமாட்டார்.

தேத்தண்ணிக் கடையில் அவரும் காக்காவும் மோதினார்கள்.

"நம்மட வேலையப் பறிக்க பிளேன் ஏறி வந்திரிக்கானுகள். நீங்க அவனுகளுக்கு மாலை போடப் போறீங்களாம்."

"நீ கட்டாருக்கு என்னத்துல போன? மாட்டு வண்டில்லயா?"

"நான் போனது உழைக்க, காக்கா."

"அவன் வந்தது கடல் பாக்கவா, மனே?"

கடை சிரித்தது. றபீக் மேசன் சிரிக்கவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் என்னை எவன் கூப்பிடுவான் என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனார். அது நியாயமான கேள்வி என்று காக்காவும் ஒத்துக்கொண்டார். குறைந்த கூலி கொடுக்கிறவன் மறைவில் நிற்கிறான், வாங்குகிறவன் முன்னால் நிற்கிறான், அதனால்தான் அடி முன்னால் நிற்கிறவன்மேல் விழுகிறது என்றார்.

மாலை போடப் போனது உண்மைதான். பிராந்தியம் தன்னைத் தேடி வந்துவிட்டதென்று காக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆட்டோவை வேலைத்தலத்துக்குள்ளேயே விட்டு, ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்து, "வங்காளதேசத்துச் சகோதரர்களே" என்று தொடங்கினார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தங்கள் நாட்டின் பெயரும் பெரிய சத்தமும் மட்டும் கேட்டது. பிடித்துத் திருப்பி அனுப்ப வந்துவிட்டார்கள் என்று நினைத்து, சீமெந்து அறைக்குள்ளும் கடற்கரைத் தாழைக்குள்ளும் ஓடி ஒளித்துவிட்டார்கள். மாலையோடு காக்கா மட்டும் நின்று ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவன், ஸலாம் சொல்கிறவர் பிடிக்க வந்தவராக இருக்கமாட்டார் என்று துணிந்து, தாழைக்குள்ளிருந்து வெளியே வந்தான். அவன்தான் ஆலம். மாலை அவனுக்கே விழுந்தது.

ஆலமின் விஷயம் அன்றைக்கே என் அரைகுறை ஹிந்தி வழியாக வெளியே வந்தது. அவனுக்கு வாப்பா இல்லை. ஒரு தங்கச்சி, அடுத்த மாதத் தொடக்கத்தில் அவளுக்குக் காவின் எழுதிக் கல்யாணம். மூத்த ஆண்பிள்ளை இவன்தான், அவளைக் கைபிடித்துக் கொடுக்கவேண்டிய பொறுப்பாளி, அதாவது வலியும் இவன்தான். டிக்கெட்டுக்கு வழி பண்ணிவிட்டான். ஆனால் கடவுச்சீட்டு ஹாஜியாரின் கந்தோரில், அவருடைய அலுவலக அலுமாரிக்குள். வந்து இறங்கிய அன்றே எல்லோருடையதையும் வாங்கிப் பூட்டிவிட்டார்களாம்.

காக்கா அன்றிரவே மகஜர் எழுதினார். எட்டு நாட்டுக்கும் பிரதி போனது. அரசாங்கக் கந்தோர்களில் வாங்கிக்கொண்டார்கள், முத்திரை குத்தினார்கள், பார்ப்போம் என்றார்கள். நாள் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் நானும் காக்காவும் ஹாஜியாரிடமே போனோம். அவர் தேத்தண்ணி தந்து, ஆறுதலாகத்தான் கதைத்தார். இந்த ஆட்களைக் கொண்டுவர நான் பிணை நின்றிருக்கிறேன், ஒருவன் ஓடினாலும் என் தலைதான் உருளும் என்றார். காவினுக்கு ஆள் போகத்தான் வேண்டுமா, போனிலேயே வேறொருவருக்குப் பொறுப்புக் கொடுக்கலாம், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார்.

மார்க்கத்தில் இடம் இருப்பது உண்மை. அத்தோடு நாங்கள் வாயை மூடிக்கொண்டு வேறு வழி யோசித்திருக்கலாம். காக்காவின் வாய் மூடுமா?

"அப்ப ஹாஜியார், உங்கட மகள்ட காவினயும் போன்லதான் முடிச்சீங்களா?"

ஹாஜியாரின் முகம் கறுத்துவிட்டது. எழும்பி உள்ளே போனார். ஆலமைக் கொழும்புப் பக்க வேலைத்தலத்துக்கு மாற்றப்போவதாக அடுத்த நாள் செய்தி வந்தது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

காக்காவின் வீட்டில் அன்று பகல் நான் இருந்தேன். அவர் அடுத்த மகஜருக்குத் தாள் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய பெண்சாதி சுபைதா ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளைட பாஸ்போட்ட ஹாஜியார் பூட்டல்ல. உங்கட வாய்தான் பூட்டி வெச்சிரிக்கி. ஒருக்கா அத மூடித்தான் பாருங்களேன்."

காக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பேசாமல் எழும்பிப் போய் ஆட்டோவிலிருந்த இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றைக் கழற்றினார். அதை விற்றுத்தான் அடுத்து நான் சொல்லப்போகிற சாப்பாடு நடந்தது. அதற்குப் பிறகு தெருவின் இடப்பக்கத்து வீடுகளுக்கு மட்டும்தான் பிராந்திய ஒருங்கிணைப்பு ஒழுங்காகக் கேட்டது.

நம் பக்கத்தில் மாடித் தட்டுக்குக் கொன்கிறீட் போட்டால் வேலைசெய்தவர்களுக்கு ஒரு நல்ல சாப்பாடு கொடுப்பது வழக்கம். ஹாஜியார் அவசரத்தில் அதைச் செய்யவில்லை. ஆலமை மாற்றுவதற்கு முன்னமே காக்கா அதைத் தன் வீட்டில் வைத்தார். சம்மாந்துறை மில்லிலிருந்து அரிசி வந்தது, சுபைதா ராத்தாவும் பக்கத்து வீட்டாரும் நெய்ச்சோறும் இறைச்சியும் ஆக்கினார்கள். தன் வேலையாட்களுக்கு இன்னொருவன் சோறு போடும்போது ஹாஜியார் எப்படி வராமல் இருப்பார்? வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்த மரைக்காரையும் கூட்டிக்கொண்டு வந்தார், காக்கா ஏதாவது கதைத்தால் பிடித்து நிப்பாட்ட.

சஹனில் இருத்துகிற வேலையைக் காக்காவே செய்தார். ஹாஜியார், மரைக்கார், றபீக் மேசன், ஆலம், நான், காக்கா. ஒரு பெரிய வட்டத் தட்டு, அதைச் சுற்றி ஆறு பேர். எங்கள் ஊரில் சஹனுக்கு இருந்தால் ஆறுபேரும் தின்று முடியும்வரை ஒருவரும் எழும்ப மாட்டோம். ஒருவன் முந்தி எழும்பினால் மற்றவனும் கையை எடுக்கவேண்டி வரும். அடுத்தவன் சோற்றை முறித்தான் என்ற பேர் கிடைக்கும். ஹாஜியார் போன்றவர்கள் அந்தப் பேரைச் சம்பாதிக்கவே மாட்டார்கள்.

பிஸ்மி சொல்லிக் கைவைத்தோம். ஆலம் மட்டும் சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த, சோறு சுற்றுகிற லன்ச் ஷீட் ஒன்றை எடுத்து விரித்தான். சஹனின் ஓரத்திலிருந்து தன் பங்கை மட்டும் கவனமாகத் தள்ளி அதில் போட்டு, எழும்பிச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தான்.

மரைக்காரின் கை அப்படியே நின்றது. சஹனை விட்டு எழும்பிப் போவதென்றால் உங்களோடு நான் சாப்பிடமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது. எங்களைக் கேவலப்படுத்துகிறானா என்று அவர் முணுமுணுத்தார். நான் ஆலமிடம் ஹிந்தியில் கேட்டேன். அவன் பயந்துபோய்ச் சொன்னதைத் தமிழில் சொன்னேன். முதலாளியின் தட்டில் நான் எப்படிக் கைவைப்பது என்று கேட்கிறான். வேலைக்குப் போன எந்த இடத்திலும் அவனை யாரும் தங்கள் தட்டில் வைத்ததில்லையாம்.

எல்லோரும் காக்காவைப் பார்த்தோம். அந்த மனிதர் தன் ஆயுள் முழுக்கக் காத்திருந்த தருணம் அது. அவருடைய வாய் திறந்தது. அடுப்பெரிந்த குசினி வாசலைப் பார்த்தார். சுபைதா ராத்தா அங்கே நின்றார். காக்காவின் வாய் மூடியது. ஒரு விரல் நுனிக்குச் சோறு எடுத்து வைத்துக்கொண்டார்.

எழும்பியது றபீக் மேசன். ஆலமின் முன்னாலிருந்த லன்ச் ஷீட்டைத் தூக்கி, அதிலிருந்த சோற்றைச் சஹனின் நடுவில் கொட்டினார்.

"இஞ்ச வந்து இரி. நம்மட ஊர்ல ஆறு பேருக்கு ஒரு சோறுதான்."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. ஆலம் வந்து இருந்தான்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தோம். காக்கா முடிக்கவில்லை. கல்யாண வீடுகளில் அவர் வேகத்துக்கு இருக்கப் பயந்து ஆட்கள் வேறு சஹனுக்கு ஓடுவார்கள். அவ்வளவு வேகக்காரர் அன்று ஒவ்வொரு சோறாகப் பொறுக்கினார். இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. அதைச் சுண்டுவிரலால் தொட்டு நக்கினார். ஹாஜியாரின் கை காய்ந்துவிட்டது. வயிறு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்று காக்கா தலையாட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தார் ஹாஜியார். எழும்பவும் முடியவில்லை, காக்காவை அதட்டவும் முடியவில்லை, ஏனென்றால் அவர் ஒன்றுமே கதைக்கவில்லை. அவரைப் பேசாமல் நிப்பாட்டத்தான் மரைக்கார் வந்தார். பேசாத காக்காவை என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

அந்த அமைதியைத் தாங்கமுடியாமல் றபீக் மேசன் என்னிடம் கேட்டார், காவின் எப்போதாம் என்று. ஆலம் நாளைச் சொன்னான். சின்ன மாமா ஒருவர் இருக்கிறார், அவர் கைபிடித்துக் கொடுப்பார், பரவாயில்லை என்றான். பரவாயில்லை என்பதை இரண்டுமுறை சொன்னான்.

றபீக் மேசன் சஹனில் ஒட்டியிருந்த சோற்றை விரலால் ஒதுக்கினார். பிறகு ஹாஜியாரின் முகத்தைப் பார்க்காமலே கதைத்தார்.

"எங்கட வாப்பா மவுத்தாகக்க நான் கட்டார்ல. பாஸ்போட் அறபிட அலுமாரில. நான் கெஞ்சின. வேல முடியட்டும் எண்டான். ஜனாஸாவ நான் போன்லதான் பாத்த, ஹாஜியார். கபுறுக்குள்ள வெக்கிற நேரம் சிக்னல் போயிட்டு."

அவரோடு கட்டாரில் ஒரே அறையில் இருந்தவன் நான். எனக்கு அந்த நாள் தெரியும். ஆனால் அவர் வாயால் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஹாஜியார் காய்ந்த கையைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, ஓடிவிட்டால் நான் என்ன செய்ய என்று கேட்டார். முன்னைப்போல அதில் பலம் இல்லை.

"அவன் வராட்டி அவன்ட வேலைய நான் செய்து தாறன்" என்றார் றபீக் மேசன்.

"அவன்ட கூலிக்கா?"

ஹாஜியார் பகிடியாகத்தான் கேட்டார். றபீக் மேசன் என்னைப் பார்த்தார். நான் ஆலமிடம் கேட்டேன். அவன் சொன்ன தொகையை மெதுவாகச் சொன்னேன். றபீக் மேசன் அந்தப் பீப்பாத் தண்ணீரைத் தொடாத நாட்களையெல்லாம் நினைத்தாரோ என்னவோ, ஆலமை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இந்தக் கூலிக்கு இவன் இன்னும் ஓடாம இரிக்கிறதே பெரிய விசயம், ஹாஜியார்."

முதலில் சிரித்தது மரைக்கார். பிறகு ஹாஜியாரும் சிரித்துவிட்டார். நாளைக்கு சுபஹு தொழுகைக்குப் பிறகு கந்தோருக்கு வந்து கடவுச்சீட்டை எடுக்கட்டும், கொழும்புக்கும் போகவேண்டாம் என்றார். "இந்த மனிசன மட்டும் சோத்த முடிக்கச் சொல்லுங்க. எனக்கு கால் விறைச்சிப் போச்சு."

காக்கா மீதிச் சோற்றை ஒரே கையில் அள்ளி வாய்க்குள் போட்டு எழும்பினார். குசினிக்குள்ளிருந்து, இப்ப கதைக்கலாம் என்று சுபைதா ராத்தாவின் குரல் வந்தது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கதைத்தார்.

ஆலம் போனான். தங்கச்சியைக் கைபிடித்துக் கொடுத்தான். சொன்ன நாளில் திரும்பியும் வந்தான், எல்லோருக்கும் ஊர் இனிப்பு ஒரு பையோடு. அதற்குப் பிறகு மற்றவர்களின் கடவுச்சீட்டுகளும் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கு வந்தன. கூலி சமமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கொஞ்சம் கூடியது, உள்ளூர் ஆட்களான எங்களைக் கழித்துவிடுவது நின்றது, அவ்வளவுதான். றபீக் மேசன் எங்கள் சங்கத்தில் பொருளாளராகச் சேர்ந்தார். உறுப்பினர் எண்ணிக்கை ஒரே நாளில் ஒன்றரை மடங்கானது என்று காக்கா ஸ்பீக்கரில் அறிவித்தார். இடப்பக்கத்து வீடுகளுக்கு மட்டும்.

மக்காள், நாடுகள் பெரிய மேசையில் இருந்து ஒப்பந்தம் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. அது வேண்டும். அந்த மிஸ் போன்றவர்கள் இல்லாவிட்டால் நியாயம் எது என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இன்னொரு நாட்டில் இன்னொருவனின் அலுமாரிச் சாவியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். அதே சாவி நம் கையில் வந்தபோது நாமும் பூட்டத்தான் செய்தோம். நாளைக்கு நீங்கள் போகிறவர்களாகவும் இருக்கலாம், கூப்பிடுகிறவர்களாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் காக்காவை நினையுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தக் கட்டிடம் முடிந்து ஆலம் ஊரோடு போய்விட்டான். பெருநாளுக்குப் பெருநாள் குரல் செய்தி அனுப்புவான். காக்கா மவுத்தாகி ஒரு கிழமை இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒன்று வந்தது. தங்கச்சிக்கு ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது என்ற செய்தி. கடைசியில் எங்கள் ஊர்த் தமிழில், இங்கே பொறுக்கிய தமிழில், "காக்கா சொகமா இரிக்காரா? ஒருக்கா அவரக் கதைக்கச் சொல்லுங்க" என்றான்.

நீங்கள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போயிருந்தீர்கள். உம்மா கடைக்குப் போயிருந்தார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனேன். ஹிந்தியிலும் தமிழிலுமாக மூன்று தரம் பதிந்து மூன்று தரம் அழித்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கிப்லாத் திசையைப் பார்த்து நின்று, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, மவுத்தானவர்களுக்கு ஓதுகிற பாத்திஹாவை ஓதினேன். ஓதி முடித்து, நம்மட காக்காவுக்கு என்று மட்டும் சொல்லி, அப்படியே அவனுக்கு அனுப்பினேன்.